காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? கணினியில் பாலைவனம் நிஜமாகத் தெரிய ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு பிளேனை (தட்டைப் பரப்பை) எடுத்து, சப்டிவைடு செய்து (சிறு கட்டங்களாகப் பிரித்து), நாய்ஸ் டெக்ஸ்சரால் (தாறுமாறான மேடுபள்ள வடிவத்தால்) டிஸ்பிளேஸ்மென்ட் கொடுத்து (பரப்பை ஏற்றி இறக்கி), மஞ்சள் நிறம் பூசி, மாலை வெயிலும் வைத்தாயிற்று. ரெண்டரில், அதாவது கணினி கணக்கிட்டுத் தரும் படத்தில், வருவது பாலைவனமாக இல்லை, கசங்கிய போர்வைபோல இருக்கிறது. மணல் பிளாஸ்டிக்காக மின்னுகிறது. மேடு 5 மீட்டரா 500 மீட்டரா என்றும் தெரியவில்லை. எதை மாற்ற வேண்டும்?

போர்வை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாய்ஸுக்கும் மணல்மேட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நாய்ஸ் பரப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், ஆனாலும் அது பழைய பரப்பைப் போலவேதான் தெரியும். மணல்மேட்டைக் கவிழ்த்தால் மணல்மேடாக இருக்காது. ஏனென்றால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. காற்று வந்த பக்கம் ஒன்று, காற்று போன பக்கம் ஒன்று. உங்கள் காட்சியில் காற்றே இல்லை. நிறம், ஒளி, ஷேடர் (பரப்பு ஒளிக்கு எப்படித் தெரியும் என்று சொல்லும் அமைப்பு) எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஓர் அம்புக்குறியைத் தரையில் போடுங்கள். காற்று இந்தத் திசையில் போகிறது என்று முடிவு செய்யுங்கள். இனி மேட்டின் வடிவம், மணலில் தெரியும் அலைவரிகள், கல்லுக்குப் பின்னால் ஒதுங்கும் மணல் எல்லாம் அந்த அம்புக்குறிக்குக் கட்டுப்பட்டவை.

மேட்டின் வடிவம்

காற்று மணல் துகளைத் தூக்கிப் பறப்பதில்லை, துள்ளவைக்கிறது. துகள் எழும்பி விழும், விழுந்த இடத்தில் இன்னொன்றை உதைத்து எழுப்பும். இப்படித் துள்ளித் துள்ளி மேட்டின் முன்பக்கச் சரிவில் ஏறுகிறது. அந்தச் சரிவு மென்மையானது, பொதுவாக 8 முதல் 15 பாகை. முகட்டைத் தாண்டியதும் காற்றின் பிடி விட்டுப்போகிறது, மணல் அங்கேயே விழுந்து குவிகிறது. குவியல் செங்குத்தாகிக்கொண்டே போய், 32 முதல் 34 பாகையைத் தொட்டதும் சரிந்துவிடுகிறது. உலர்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது. ஆகவே பின்பக்கம், அதாவது சரிமுகம், எங்கு பார்த்தாலும் ஏறத்தாழ அதே சாய்வில்தான் இருக்கும்.

இதை எண்ணாக மாற்றிப் பாருங்கள். 20 மீட்டர் உயர மேடு, முன்சரிவு 10 பாகை, சரிமுகம் 33 பாகை என்றால் முன்பக்கத்தின் நீளம் 113 மீட்டர், பின்பக்கம் 31 மீட்டர். மொத்தம் 144 மீட்டர் அகலத்தில் முகடு 79 சதவீதத் தூரத்தில் வருகிறது. இந்த ஒரு விகிதம் சரியாக இருந்தால் நிறமே கொடுக்காத சாம்பல் ரெண்டரில்கூட மணல் தெரியும். இது தவறினால் எந்த டெக்ஸ்சரும் காப்பாற்றாது.

எந்த வகை மேடு என்பதையும் காற்றுதான் முடிவு செய்கிறது. காற்று ஒரே திசை, மணல் குறைவு, அடியில் கெட்டித் தரை என்றால் பிறை வடிவ மேடுகள், பர்கான் என்பார்கள். பிறையின் கொம்புகள் காற்று போகும் பக்கம் நீண்டிருக்கும். இதைத் திருப்பி வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. செடிகள் இரு ஓரங்களையும் பிடித்துக்கொள்ளும் பரவளைய மேடுகளில் மட்டும்தான் கைகள் காற்று வரும் பக்கம் இருக்கும். மணல் தாராளமாக இருந்தால் பிறைகள் ஒட்டி, காற்றுக்குக் குறுக்கே நீளும் வரிசைகளாகிவிடும். இரண்டு திசைகளிலிருந்து மாறி மாறிக் காற்று வந்தால் நீளவாட்டு மேடுகள். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம் முழுக்க அப்படித்தான். பல திசைகளிலிருந்தும் வந்தால் நட்சத்திர மேடுகள். நமீபியாவின் சோசஸ்வ்லேயில் அவற்றைக் காணலாம். ஒரே காட்சியில் இந்த எல்லா வகையையும் கலக்க ஆசை வரும். கலக்காதீர்கள், ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டுமானம். காற்றுக்குக் குறுக்கே நீளும் மேடுகளை பிளெண்டரின் ஜியோமெட்ரி நோட்ஸில் (கட்டளைப் பெட்டிகளை இணைத்து வடிவம் செய்யும் முறையில்) சில நோட்களிலேயே செய்துவிடலாம். 400 மீட்டர் பக்கமுள்ள கிரிட், பக்கத்துக்கு 801 வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி), அதாவது அரை மீட்டருக்கு ஒன்று. காற்று எக்ஸ் அச்சில் அடிப்பதாக வையுங்கள். பொசிஷனிலிருந்து எக்ஸ் மதிப்பைப் பிரித்து, அதனுடன் மிகப் பெரிய அளவிலான நாய்ஸைக் கூட்டுங்கள். ஸ்கேல் 0.0025 வைத்தால் அலை ஒன்றுக்கு 400 மீட்டர் வரும், அசைவு 40 மீட்டருக்குள் இருக்கட்டும். வந்த எண்ணை 144-ஆல் வகுத்து, ஃப்ராக்ஷன் எடுத்து, ஃப்ளோட் கர்வ் நோட்டுக்குள் விடுங்கள். கர்வில் 0-இல் சுழி, 0.79-இல் உச்சம், 1-இல் மீண்டும் சுழி. உச்சப் புள்ளிக்கு மட்டும் வெக்டர் ஹேண்டில் வையுங்கள், அங்கே முனை கூர்மையாக வேண்டும். இரண்டு அடிவாரங்களையும் கொஞ்சம் வளைத்துவிடுங்கள். விடையை 20-ஆல் பெருக்கி செட் பொசிஷனில் இசட் திசைக்குக் கொடுத்தால் மேடுகள் எழும்பிவிடும்.

முகடுகள் ஒரே உயரத்தில் வரிசைகட்டி நின்றால் கூரைத் தகடுபோல இருக்கும் என்பதால் இன்னொரு நாய்ஸால் உயரத்தைப் பெருக்க வேண்டும். அதன் மதிப்பு 0.4 முதல் 1 வரை மட்டும். 1-ஐத் தாண்டினால் சரிமுகம் 33 பாகையைத் தாண்டிவிடும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. நார்மலின் (பரப்புக்குச் செங்குத்தான திசையின்) இசட் மதிப்பு 0.829-க்குக் கீழே போகும் இடங்களைச் சிவப்பாகக் காட்டும்படி ஒரு தற்காலிக ஷேடர் போடுங்கள். 0.829 என்பது 34 பாகையின் கொசைன். சிவப்பு தெரிகிற இடமெல்லாம் நிற்க முடியாத மணல்.

இன்னொரு தொல்லை: முகட்டுக் கோடு ரம்பப் பல்லாக வருவது. கிரிட்டின் வரிசைகளும் முகடும் ஒன்றுக்கொன்று சாய்வாகப் போனால் இப்படி ஆகும். வெர்டெக்ஸ் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, கிரிட்டையே காற்றின் திசைக்குத் திருப்பி வைப்பது மலிவான தீர்வு.

பிறை மேடுகளுக்கு இந்தக் குறுக்குவழி போதாது, அங்கே மணலை உண்மையாகவே நகர்த்த வேண்டும். பயமுறுத்தும் வேலை அல்ல. 1995-இல் வெர்னர் வெளியிட்ட முறை பைத்தானில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கட்டங்களாகப் பிரித்த தரையில் ஒரு கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். அங்கே மணல் இருந்தால் ஒரு வில்லையை எடுத்து, காற்றின் திசையில் 5 கட்டம் தள்ளி வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மணல் இருந்தால் 0.6 நிகழ்தகவில் அது தங்கும், வெறுந்தரை என்றால் 0.4. தங்காவிட்டால் இன்னும் 5 கட்டம் போகும். மேட்டுக்குப் பின்னால் 15 பாகைக் காற்று நிழலுக்குள் விழுந்தால் கண்டிப்பாகத் தங்கும், அங்கிருந்து மணலை எடுக்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் சாய்வு எல்லையைத் தாண்டினால் வில்லை கீழே உருளும். இவ்வளவுதான் விதி. எந்த இடத்திலும் ‘பிறை வரை’ என்று சொல்லவில்லை, ஆனால் மணலைக் குறைவாக வைத்தால் பிறை தானே வந்துவிடும். கடைசியில் கிடைக்கும் உயர எண்களை 32 பிட் இஎக்ஸ்ஆர் படக் கோப்பாகச் சேமித்து, சிறிது மங்கலாக்கி டிஸ்பிளேஸ்மென்டுக்குக் கொடுங்கள். ஹூடினி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சரிவு வேலையை ஹைட்ஃபீல்டு ஸ்லம்ப் நோட் செய்துதரும்.

நீர் அரிப்பு நோட்களை மணல்மேட்டின் மேல் ஓட்டாதீர்கள். கேயா, வேர்ல்டு மெஷின் போன்ற நிலம் செய்யும் மென்பொருள்களில் அரிப்பு நோட் அழகாக இருக்கும் என்பதற்காகவே எல்லோரும் இழுத்துப் போடுகிறார்கள். மணலில் மழைநீர் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. ஓடைத் தடம் விழுந்த மேடு மண்மேடாகத்தான் தெரியும். பாறைப் பாலைவனத்துக்கோ அதே அரிப்பு கட்டாயம் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிஜ நிலத்தின் உயரத் தரவை இறக்கிப் பயன்படுத்தலாமா என்றால், தொலைவுக்குத் தாராளமாக. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவும், கோப்பர்னிகஸ் தரவும் இலவசம். இரண்டும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நாம் கணக்கிட்ட சரிமுகமே 31 மீட்டர்தான், ஆகவே அந்தச் சரிமுகம் முழுவதும் இந்தத் தரவில் ஒரே புள்ளியாகக் கரைந்துவிடும். ஹைட்மேப்பை (உயரங்களைச் சாம்பல் நிறமாக வைத்திருக்கும் படத்தை) எந்த வழியில் பெற்றாலும் 8 பிட் கோப்பாகச் சேமிக்காதீர்கள். 100 மீட்டர் உயரத்தை 256 படிகளாகப் பிரித்தால் படிக்கு 39 செ.மீ., மேடு முழுக்கப் படிக்கட்டு விழும். 16 பிட் என்றால் படிக்கு 1.5 மி.மீ. கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றுவதையும் மறக்க வேண்டாம். மறந்தால் சாய்வுகள் எல்லாம் வளைந்துபோகும், காரணமும் பிடிபடாது.

அளவு என்பது அலைவரியில் இருக்கிறது

மேடு எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குச் சொல்வது முன்னால் கிடக்கும் மணலின் அலைவரிகள்தான். சாதாரண மணலில் இவற்றின் இடைவெளி பெரும்பாலும் 7 முதல் 15 செ.மீ. உயரம் இடைவெளியில் ஏறத்தாழ 15-இல் ஒரு பங்கு. 10 செ.மீ. வரிக்கு 6, 7 மி.மீ. போதும். பலரும் 3, 4 செ.மீ. உயரம் கொடுத்துவிடுவார்கள், உடனே மேடு பொம்மையாகச் சுருங்கிவிடும். வரிகள் காற்றுக்குக் குறுக்கே ஓடும், அவற்றுக்கும் மேட்டைப் போலவே மென்மையான முன்பக்கமும் செங்குத்தான பின்பக்கமும் உண்டு.

பிளெண்டரின் வேவ் டெக்ஸ்சர் இதற்குச் சுமார்தான். நிஜ அலைவரிகள் அங்கங்கே இரண்டாகப் பிரிந்து கவைபோல ஓடும். வேவ் டெக்ஸ்சரை எவ்வளவு வளைத்தாலும் அந்தக் கவை கிடைக்காது. 4.3 பதிப்பிலிருந்து கேபோர் டெக்ஸ்சர் வந்திருக்கிறது. அனிசோட்ரபியை 1-க்கு அருகில் வைத்து ஓரியன்டேஷனைக் காற்றுக்கு ஏற்பத் திருப்பினால் கவைகளோடு வரிகள் விழுகின்றன. மேட்டின் சாய்வுக்கு ஏற்ப அந்தக் கோணத்தை 20 பாகை வரை திருப்பிவிட்டால், காற்று மேட்டைச் சுற்றி வளைந்து போன உணர்வு கிடைத்துவிடும்.

சரிமுகத்தில் அலைவரி போடக் கூடாது. அங்கே மணல் சரிந்து விழுந்துகொண்டே இருப்பதால் வரி நிற்க இடமில்லை. சாய்வு 26 பாகையிலிருந்து மங்கத் தொடங்கி 30-இல் முற்றிலும் மறையும்படி மாஸ்க் (எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) போடுங்கள். அதற்குப் பதிலாக முகட்டிலிருந்து கீழ்நோக்கி நாக்குபோல இறங்கும் சரிவுத் தடங்களை, சரிவின் திசையில் நீட்டிய நாய்ஸால், மிக மெலிதாகக் கொடுங்கள். ஒரு பக்கம் வரியோடியும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் முகடு நடுவே கத்தியாகவும் நிற்பது இந்த மாஸ்கால்தான்.

எல்லாவற்றையும் மெஷ்ஷாகச் செய்ய முடியுமா? கணக்குப் பாருங்கள். 10 செ.மீ. வரிக்கு 8 வெர்டெக்ஸாவது வேண்டும், அதாவது 1.25 செ.மீ.க்கு ஒன்று. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 640 கோடி வெர்டெக்ஸ் ஆகிறது. மணலைக் கயிறாகத் திரிப்பது இதைவிட எளிது. ஆகவே அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். கேமரா முன்னால் 20 மீட்டர் சதுரத்தில் மட்டும் உண்மையான டிஸ்பிளேஸ்மென்ட், இது 25 லட்சம் வெர்டெக்ஸில் முடியும். அடுத்த 40 மீட்டருக்கு பம்ப் (வடிவத்தை மாற்றாமல் ஒளிநிழலில் மட்டும் மேடுபள்ளம் காட்டுவது). அதற்கு அப்பால் வரியே வேண்டாம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் உள்ள அடாப்டிவ் சப்டிவிஷன் இந்தப் பகிர்வைத் தானே செய்யும். பதிப்பைப் பொறுத்து எக்ஸ்பெரிமென்டல் தெரிவை இயக்க வேண்டியிருக்கலாம். ரெண்டருக்கு டைசிங் ரேட் 1 பிக்சல் போதும்.

வரியைத் தொலைவில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 35 மி.மீ. லென்ஸ், 1920 பிக்சல் அகலம், 1.7 மீட்டர் கண் உயரம் என்றால், சமதரையில் குறுக்கே ஓடும் 10 செ.மீ. வரி 18 மீட்டர் தூரத்திலேயே ஒரு பிக்சலுக்குள் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேலும் வரி இருந்தால் நிஜத்தில் இல்லாத பெரிய வளையங்கள் படத்தில் தோன்றும், அசைபடத்தில் அவை கொதிக்கும். கேமரா டேட்டா நோட்டின் வியூ டிஸ்டன்ஸை எடுத்து, 20-லிருந்து 60 மீட்டருக்குள் பம்பின் வலிமையைச் சுழியாக்கிவிடுங்கள்.

அடிவானமும் அளவைச் சொல்லும். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 4.6 கி.மீ. தூரத்தில், 50 மீட்டர் மேட்டின் மேல் நின்றால் 25 கி.மீ. நிலத்தை 400 மீட்டரில் வெட்டிவிட்டு அதன் பின்னால் வானத்தை வைத்தால் மேசைமேல் வைத்த மாதிரிபோலத்தான் இருக்கும். தொலைவு நிலம் கரடுமுரடான மெஷ்ஷாக இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். கேமராவின் கிளிப் எண்டு மதிப்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

மணலின் நிறமும் மினுமினுப்பும்

பிளாஸ்டிக் மினுக்கத்துக்குக் காரணம் ஸ்பெகுலர், அதாவது கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் தன்மை. தொடக்க மதிப்பான 0.5 ரஃப்னெஸ்ஸை (சொரசொரப்பை) அப்படியே விட்டிருப்பீர்கள். மணலுக்கு 0.9-க்கு மேல் வையுங்கள், ஸ்பெகுலரையும் வெகுவாகக் குறையுங்கள். சப்சர்ஃபேஸ் தேவையில்லை, போட்டால் மணல் மெழுகாகிவிடும். டிஃப்யூஸ் ஷேடரில் உள்ள ரஃப்னெஸ்ஸையும் ஏற்றுங்கள். புதிய பதிப்புகளில் பிரின்சிபிள்டு ஷேடருக்குள்ளேயே டிஃப்யூஸ் ரஃப்னெஸ் இருக்கிறது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் போடும் பரப்பு ஓரங்களில் இருளாமல் தட்டையாகத் தெரியும், அந்தத் தட்டைத்தன்மைதான் மணல்.

நிறத்துக்குத் தொடக்க எண்கள், லீனியர் மதிப்பில்: வெளிர் மணலுக்குச் சிவப்பு 0.45, பச்சை 0.32, நீலம் 0.20. இரும்பு ஆக்சைடு பூசிய சிவந்த மணலுக்கு 0.35, 0.15, 0.07. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் இருப்பது ஜிப்சம், அதற்கு 0.65, 0.62, 0.57 அளவில் தொடங்கலாம். இவை சட்டமல்ல, ஆனால் 0.8-க்கு மேல் எதையும் வைக்காதீர்கள். மணலிலிருந்து தெறிக்கும் ஒளி கூடிக்கொண்டே போய் நிழல்கள் காணாமல் போகும். மாலை நேரப் புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பது இன்னொரு வலை. அந்த நிறத்தில் மாலை வெயில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதன்மேல் நீங்களும் மாலை வெயிலை வைத்தால் எல்லாம் ஆரஞ்சுச் சாறாகும்.

ஒரே நிறமாக விடாமல் காற்றின் கணக்கில் பிரியுங்கள். அலைவரியின் முகட்டில் பருமணலும் குழியில் மென்மணலும் சேரும், ஆகவே இரண்டுக்கும் வெளிச்சத்தில் 5 முதல் 10 சதவீத வேறுபாடு வையுங்கள். மேடுகளுக்கு நடுவில் உள்ள தாழ்வில் சரளையும் கெட்டித் தரையும் தெரியட்டும். குவார்ட்ஸ் துகள்களின் மினுக்கம் வேண்டுமானால் மில்லிமீட்டர் அளவில் வொரோனாய் போட்டு, ஆயிரத்தில் ஓரிரு துகளுக்கு மட்டும் குறைந்த ரஃப்னெஸ்ஸும் தாறுமாறான நார்மலும் கொடுக்கலாம். 3 மீட்டருக்கு அப்பால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி தெறிக்கும்.

வெயிலும் காற்றுவெளியும்

சரிமுகம் 33 பாகை என்பது இங்கே மறுபடி உதவுகிறது. சூரியன் முன்சரிவின் பக்கம் நேர் எதிரே நின்று, அதன் உயரம் 33 பாகைக்குக் கீழே இருந்தால், சரிமுகம் முழுவதும் நிழலில் விழும். முகட்டுக் கோடு அப்போதுதான் வெட்டினாற்போல வரும். 12 முதல் 20 பாகை நல்ல இடம். 15 பாகையில் 20 மீட்டர் மேட்டின் நிழல் சமதரையில் 75 மீட்டர் ஓடும். 10 பாகைக்குக் கீழே போனால் சூரியனுக்கு மறுபக்கம் சாய்ந்த மென்சரிவுகளும் இருண்டு, படம் பாதி கறுப்பாகும். சூரியனைக் காற்றின் திசையிலேயே வைக்காமல் 30 முதல் 60 பாகை விலக்கி வைத்தால் மேட்டின் வளைவுகள் நிழலில் வரையப்படும். அலைவரிகள் ஓடும் திசையிலேயே வெயிலும் விழுந்தால் வரிகள் மறைந்துவிடும். ‘பம்ப் வேலை செய்யவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

சூரிய விளக்கின் ஆங்கிள் 0.53 பாகை, வானத்தில் நாம் காணும் சூரியனின் அகலம் அது. மென்மையாக இருக்கட்டும் என்று 5 பாகை வைத்தால் அளவு போய்விடும். 0.53 பாகையில் 100 மீட்டர் தூரம் ஓடிய நிழலின் விளிம்பு ஏறத்தாழ 1 மீட்டர் மங்கும், 1 மீட்டரில் விழும் நிழலுக்கு ஒரு செ.மீ. கண் இந்த வேறுபாட்டை அளவாகப் படிக்கிறது.

வானத்துக்கு ஸ்கை டெக்ஸ்சரையே வையுங்கள், டஸ்ட் (புதிய பதிப்புகளில் ஏரோசால்) மதிப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளையாக எரிந்தால் பதற வேண்டாம், அதன் அலகுகள் நிஜ வெயிலை ஒட்டியவை. எக்ஸ்போஷரை -3 அருகில் இறக்கிப் பாருங்கள். வியூ டிரான்ஸ்ஃபார்ம் (வெளிச்சத்தைத் திரை நிறமாக மாற்றும் தெரிவு) ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக். ஸ்டாண்டர்டில் வெளிச்சப் பக்கம் மஞ்சள் பூசிய சுவராகிவிடும். நிழல் கறுப்பாக இருக்காது. வானத்தின் நீலமும் எதிர்ச்சரிவின் செம்மையும் அதில் கலந்திருக்கும், டிஃப்யூஸ் பவுன்ஸ் 4 இருந்தால் அது தானே வரும்.

தொலைவு மங்குவதை ஊகத்தில் வைக்காதீர்கள், கணக்கு இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தால் (மீட்டரில்) 3.9-ஐ வகுத்தால் வால்யூம் ஸ்கேட்டரின், அதாவது ஒளியைச் சிதறவிடும் புழுதியின், டென்சிட்டி கிடைக்கும். 30 கி.மீ. தெரியும் தெளிந்த நாளுக்கு 0.00013, 5 கி.மீ. தெரியும் புழுதி நாளுக்கு 0.00078, 1 கி.மீ. மட்டும் தெரியும் புழுதிப் புயலுக்கு 0.0039. அனிசோட்ரபி 0.7 அளவில், ஏனென்றால் புழுதி ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். நிறம் வெளிர் மஞ்சள். ஈரக் காற்றின் நீலப் பனியை இங்கே கொண்டுவந்தால் பாலை மலைநாடாகிவிடும்.

இந்த வால்யூமை வேர்ல்டில் போடக் கூடாது. வேர்ல்டு எல்லையற்றது, வெயில் வந்து சேர்வதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு பெட்டிக்குள் போடுங்கள், பெட்டியின் உயரத்தையும் கவனியுங்கள். 1000 மீட்டர் உயரப் பெட்டியில் 10 பாகை வெயில் 5.8 கி.மீ. புழுதிக்குள் ஓடி வர வேண்டும், தெளிந்த நாளின் டென்சிட்டியிலேயே பாதிக்கும் குறைவாகத்தான் தரையைத் தொடும். 300 மீட்டர் பெட்டியில் 80 சதவீதம் வந்துவிடும். நேரம் இல்லாதவர்கள் வால்யூமையே விட்டுவிட்டு கம்பாசிட்டரில் (ரெண்டருக்குப் பின் படத்தைத் திருத்தும் இடத்தில்) செய்யலாம். தூரத்தை மேற்சொன்ன டென்சிட்டியால் பெருக்கி, எதிர்க்குறியிட்டு, எக்ஸ்போனென்ட் எடுத்து, 1-லிருந்து கழித்தால் மங்கலின் அளவு கிடைக்கும். மிஸ்ட் பாஸை லீனியர் ஃபால்ஆஃபில் வைத்தால் அதிலிருந்தே தூரத்தைப் பெறலாம், டெப்த் பாஸ் போல அதன் விளிம்புகள் பல்லடிப்பதில்லை.

கல்லும் புதரும்

உலகின் பாலைவனங்களில் மணல் மூடிய பகுதி ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மற்றவை சரளைவெளி, பாறை மேட்டுநிலம், உப்புத் தரை, வறண்ட ஓடை. மணல்மேடு சலித்துவிட்டால் அங்கே போங்கள், மேலே தடுத்த நீர் அரிப்பு நோட்களுக்கு இங்கே வேலை உண்டு. மேசைக்குன்றுகள் செய்தால் பாறையடுக்குகளின் நிறத்தை ஒவ்வொரு குன்றுக்கும் தனித்தனியாக வைக்காமல் உலக உயரத்திலிருந்து எடுங்கள். அடுத்தடுத்த குன்றுகளில் ஒரே உயரத்தில் ஒரே அடுக்கு வந்தால்தான் அவை ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து பிளந்தவை என்று கண் நம்பும். செங்குத்துச் சுவரின் அடியில் உடைகல் சரிவு 35 பாகை அளவில் கட்டாயம் வேண்டும். சுவர் நேராகத் தரையில் இறங்கினால் நட்டுவைத்ததுபோல இருக்கும்.

கற்களைச் சிதறவிடும்போது சிறியது ஏராளம், பெரியது அபூர்வம். கல்லின் அளவு இரட்டிப்பாகும்போது எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைந்தால் இயல்பாக இருக்கும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது புதைந்திருக்கட்டும், காற்று போகும் பக்கம் ஒரு சிறு மணல்வால் நீளட்டும். வெகுகாலம் கிடந்த கல்லின் மேல்முகத்தில் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்த கரும்பூச்சு படியும், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். நார்மலின் இசட்டை மாஸ்காக வைத்தால் இது ஒரு நிமிட வேலை.

புதர்களை டிஸ்ட்ரிபியூட் பாயின்ட்ஸில் பாய்சான் டிஸ்க் முறையில் பரப்புங்கள். தண்ணீருக்கான போட்டியில் அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன, ரேண்டம் முறையில் கொத்துக் கொத்தாக விழுந்தால் தோட்டமாகத் தெரியும். இடம் மேடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வு. நகரும் சரிமுகத்தில் புதர் நிற்காது.

ரெண்டர் செய்யும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். டீநாய்ஸர் (ரெண்டரின் புள்ளியிரைச்சலை நீக்கும் கருவி) மணல் துகளை நாய்ஸ் என்று எண்ணி அழித்துவிடும். ஆல்பிடோ, நார்மல் பாஸ்களை (பரப்பின் நிறமும் திசையும் மட்டும் உள்ள துணைப் படங்களை) அதற்குக் கொடுத்து, சாம்பிளை 512 வரை ஏற்றி, முடிவை மூலப் படத்தோடு பாதிப்பாதி கலந்தால் துகள் தங்கும். வெயில் தாழ்ந்திருக்கும்போது நிழல் எல்லையில் முக்கோண முக்கோணமாகக் கறுப்பு விழுந்தால் அங்கே மெஷ் போதவில்லை என்று பொருள், அந்தப் பகுதியைச் சப்டிவைடு செய்யுங்கள். காட்சியின் மையத்திலிருந்து 10 கி.மீ. தள்ளி கேமராவை வைத்தால், 32 பிட் எண்ணின் துல்லியம் அங்கே 1 மி.மீ. தான். 6 மி.மீ. அலைவரி அதில் படிபடியாக உடையும். கேமராவைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு நிலத்தை நகர்த்துங்கள்.

அசைபடம் என்றால் முகட்டில் மணல் பறக்கவிட ஆசை வரும். மணல் நகர காற்று வினாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டராவது அடிக்க வேண்டும். பறக்கும் மணல் முகட்டிலிருந்து காற்று போகும் பக்கம், பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் போகும், புகைபோல மேலே எழாது. அந்த வேகத்தில் பக்கத்துப் புதரும் ஆடியாக வேண்டும். மணல் பறந்து புதர் அசையாமல் நின்றால், எது போலி என்று தெரியாமலேயே பார்ப்பவர் முகம் சுளிப்பார்.